ஒரே புராசசர், பல பெயர்கள்: சிறு இயங்குதளங்களில் கம்பைலரின் பாடு

2003 ஏப்ரலில் ஏஎம்டி நிறுவனம் ஆப்டரான் புராசசரைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோதே அதன் 64 பிட் கட்டளைத் தொகுதிக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. 2000ஆம் ஆண்டு ஆவணங்கள் எக்ஸ்86-64 என்றன. விற்பனை நெருங்கியதும் நிறுவனமே அதை ஏஎம்டி64 என்று மாற்றிக்கொண்டது. போட்டியாளரான இன்டெல் அதே கட்டளைகளைத் தன் சில்லுகளில் சேர்க்க நேர்ந்தபோது முதலில் ஐஏ-32இ என்றது, பிறகு இஎம்64டி என்றது, 2006இல் இன்டெல் 64 என்றது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்64 என்று சுருக்கிக்கொண்டது. லினக்ஸ் கெர்னல் முதல் பெயரையே பிடித்துக்கொண்டது. ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி மூன்றும் ஏஎம்டி64 பக்கம் போயின. லினக்ஸ் கெர்னல்மீது இயங்கும் டெபியனும் அவற்றோடு சேர்ந்துகொண்டது.

விற்பனைப் பிரிவுகளின் குழப்பம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கம்பைலர் ஒரு பெயரைக் கேட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. எந்தப் புராசசருக்கான கட்டளைகள், எந்த இயங்குதளத்தின் கோப்பு வடிவம், ஒரு ஃபங்ஷன் மற்றொன்றை அழைக்கும்போது எந்த ரெஜிஸ்டரில் எந்த மதிப்பு என்ற உடன்பாடு (ஏபிஐ) என எல்லாமே அந்தப் பெயருக்குள் அடங்கியிருக்க வேண்டும். பெரிய இயங்குதளங்களில் இதைக் கவனித்துக்கொள்ள ஆட்கள் உண்டு. ஹைக்கு, பிளான் 9, ஓப்பன்விஎம்எஸ், ஹர்ட் போன்ற சிறு இயங்குதளங்களில் பெயரில் நேர்ந்த ஒரு பிசகு பல ஆண்டு வேலையாக மாறிவிடுகிறது. ஒரு கட்டமைப்புக்கான கம்பைலரை எப்படிப் பெயரிடுவது, எப்படிப் போர்ட் செய்வது என்ற கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பதில்கள் வந்தபடி இருக்கின்றன. அவற்றில் முக்கியமானவற்றையும் அவை எங்கே சறுக்குகின்றன என்பதையும் இங்கே பார்க்கலாம். போர்ட் செய்வதன் செலவு புராசசரைவிடப் பெயரின் கடைசிப் பகுதியான இயங்குதளத்திலும் அதன் உடன்பாடுகளிலுமே அதிகம் என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

நடுமொழி என்னும் பழைய கனவு

பத்து மொழிகளும் பத்து இயந்திரங்களும் இருந்தால் நூறு கம்பைலர்கள் எழுத வேண்டும். நடுவே ஒரு பொதுமொழி இருந்தால் இருபது பகுதிகள் போதும். ஷேர் என்ற ஐபிஎம் பயனர் அமைப்பின் குழு ஒன்று 1958இல் முன்வைத்த அன்கோல் திட்டத்தின் கணக்கு இதுதான். அன்கோல் முழு வடிவம் பெறவே இல்லை. ஆனால் அந்தக் கணக்கு சாகவில்லை. பிசிபிஎல் மொழியின் ஓ-கோடு, பாஸ்கலின் பி-கோடு, டேனன்பாமும் சகாக்களும் 1983இல் விவரித்த ஆம்ஸ்டர்டாம் கம்பைலர் கிட் ஆகியவை எல்லாம் அதே கனவின் சிறிய, நடைமுறைப் பதிப்புகள். 1987இல் வெளிவந்த ஜிசிசியும் 2003இல் வெளிவந்த எல்எல்விஎம்மும் இந்த வரிசையின் வெற்றி பெற்ற வாரிசுகள்.

இதற்கு இணையாக இன்னொரு பாடமும் 1970களிலேயே கிடைத்திருந்தது. 1977 வாக்கில் யுனிக்ஸ் முதன்முறையாக பிடிபி வரிசைக் கணினிகளை விட்டு வெளியே வந்தது. ஆஸ்திரேலியாவின் வுல்லாங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் அதை இன்டர்டேட்டா 7/32க்குக் கொண்டுபோனார். பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சனும் டென்னிஸ் ரிச்சியும் இன்டர்டேட்டா 8/32க்குக் கொண்டுபோனார்கள். ஜான்சனின் பிசிசி என்ற எடுத்துச்செல்லத்தக்க சி கம்பைலர் பிறந்ததும் இந்தக் காலத்தில்தான். கம்பைலரை நகர்த்துவதும் இயங்குதளத்தை நகர்த்துவதும் ஒன்றையொன்று விட்டுப் போகாத வேலைகள் என்பதை இந்த அனுபவம் காட்டியது. நடுமொழி புராசசரின் வேறுபாட்டை மறைக்கும். இயங்குதளத்தின் வேறுபாட்டை மறைக்காது. சிஸ்டம் கால்கள், ஆப்ஜெக்ட் கோப்பின் வடிவம், த்ரெட்டுக்கெனத் தனி நினைவகம், சி++ எக்ஸப்ஷன் எழும்போது ஸ்டேக்கை அவிழ்க்கும் முறை ஆகிய எதையும் அன்கோல் வழியினர் தீர்க்கவில்லை. சிறு இயங்குதளக்காரர்களின் நாள்கள் கழிவது இவற்றோடுதான்.

மூன்று பகுதி முகவரி

இன்று பரவலாகப் புழங்கும் பதில் க்னூ திட்டத்திலிருந்து வந்தது. புராசசர், நிறுவனம், இயங்குதளம் என்ற மூன்றையும் சிறுகோட்டால் இணைத்து எழுதுவது அதன் முறை. இதற்கு டிரிப்ளெட் என்று பெயர். லினக்ஸ் வந்த பிறகு கெர்னல் ஒன்று, அதன் மேலிருக்கும் சி லைப்ரரி வேறொன்று என்ற நிலை உருவானதால் மூன்று நான்காயிற்று: எக்ஸ்86_64-பிசி-லினக்ஸ்-க்னூ. நான்கு பகுதிகள் இருந்தும் டிரிப்ளெட் என்றே அழைக்கிறார்கள்.

எக்ஸ்86-64 என்ற பெயரில் இருந்த சிறுகோடு இங்கே அடிக்கோடாக மாறியிருப்பதைக் கவனிக்கலாம். சிறுகோடு பகுதிகளைப் பிரிக்கும் குறி. அதையே புராசசரின் பெயருக்குள்ளும் விட்டால் 64 என்பது நிறுவனத்தின் பெயராகிவிடும். ஏஎம்டியின் ஆவணத்தில் இருந்த ஒரு குறி க்னூவின் இலக்கணத்தோடு மோதியதால் ஓர் எழுத்து மாறியது. அந்த ஓர் எழுத்து இன்றுவரை டவுன்லோட் பக்கங்களிலும் ஸ்கிரிப்டுகளிலும் தடுக்கி விழவைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த முறையைத் தாங்குபவை இரண்டு சிறு ஷெல் ஸ்கிரிப்டுகள். கான்ஃபிக்.கெஸ் ஓடும் இயந்திரத்தைப் பார்த்துப் பெயரை ஊகிக்கும். கான்ஃபிக்.சப் பலவிதமாக எழுதப்பட்ட பெயர்களைச் சீரான வடிவத்துக்குக் கொண்டுவரும். ஏஎம்டி64 என்று கொடுத்தால் எக்ஸ்86_64 என்றும், ஆர்ம்64 என்று கொடுத்தால் ஏஆர்ச்64 என்றும் திருத்தித் தரும். யோசனை நல்லது. பலவீனம் விநியோகத்தில் இருக்கிறது. இந்த இரண்டு ஸ்கிரிப்டுகளின் நகலும் ஒவ்வொரு மென்பொருளின் மூலக் கோப்புத் தொகுப்புக்குள்ளும் தனித்தனியே வைக்கப்பட்டிருக்கும். 2010இல் வெளியான ஒரு தொகுப்புக்கு 2011இல் அறிவிக்கப்பட்ட 64 பிட் ஆர்ம் கட்டமைப்பைத் தெரிய வாய்ப்பில்லை. கான்ஃபிகர் கட்டளையைக் கொடுத்ததும், ஒரு வரி சி நிரல்கூடக் கம்பைல் ஆகாத நிலையில், இந்த இயந்திரத்தை அறியேன் என்று நின்றுவிடும். கம்பைலர் தயார், மூல நிரலிலும் குறையில்லை, தடை பெயர்ப் பட்டியலில். டெபியன் தன் புதிய போர்ட்களுக்காக இதை ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களில் எதிர்கொண்டது. கடைசியில் ஆட்டோகான்ஃப் கோப்புகளைக் கட்டும் நேரத்திலேயே புதுப்பித்துக்கொள்வதை வழக்கமாக்கியது.

நடுவிலுள்ள நிறுவனப் பகுதிதான் இந்த முகவரியின் ஊமைப் பகுதி. அன்னோன் என்று போடுவார்கள், பிசி என்று போடுவார்கள். நெட்பிஎஸ்டி அதைக் காலியாக விட்டு இரண்டு சிறுகோடுகளை அடுத்தடுத்து எழுதுகிறது. விண்டோஸுக்கான மிங்டபிள்யூ-டபிள்யூ64 திட்டமோ அதை அடையாளக் குறியாக்கிவிட்டது. எக்ஸ்86_64-டபிள்யூ64-மிங்டபிள்யூ32 என்ற பெயரில் இரண்டு 64களும் ஒரு 32உம் இருக்கின்றன. இலக்கு 64 பிட் விண்டோஸ். அந்த 32 பழைய திட்டப் பெயரின் எச்சம். புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதைப் பார்த்து விழிப்பார்கள்.

பெயரைச் சீராக்கும் அதிகாரம் ஓரிடத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 64 பிட் ஆர்ம் நல்ல சான்று. நிறுவனம் வைத்த பெயர் ஏஆர்ச்64. ஜிசிசி அதை ஏற்றது. 2012இல் லினக்ஸ் கெர்னலுக்கான நிரல் அதே பெயரில் வந்தபோது லினஸ் டோர்வால்ட்ஸ் உட்படச் சிலருக்கு அது பிடிக்கவில்லை. கோப்பகம் ஆர்ம்64 ஆயிற்று; யூநேம் கட்டளை மட்டும் இன்றும் ஏஆர்ச்64 என்றே அச்சிடுகிறது. ஃப்ரீபிஎஸ்டியிலும் ஒரே கணினிக்கு ஓரிடத்தில் ஒரு பெயர், மற்றோரிடத்தில் மற்றொன்று. எல்எல்விஎம்மில் நிலைமை இன்னும் விசித்திரம்: ஏற்கெனவே ஏஆர்ச்64 என்ற பின்முனை (புராசசருக்கான கட்டளைகளை உருவாக்கும் கம்பைலர் பகுதி) இருக்க, 2014 மார்ச்சில் ஆப்பிள் தான் தனியே எழுதிய ஆர்ம்64 பின்முனையை வழங்கியது. சில வாரங்கள் ஒரே புராசசருக்கு இரண்டு பின்முனைகள் அருகருகே இருந்தன. மே மாதம் இணைத்தார்கள். ஆப்பிளின் நிரல் அடித்தளமாயிற்று, பழைய பெயர் நிலைத்தது.

கணினி வேறு, புராசசர் வேறு

டிரிப்ளெட் தொடாத ஒரு வேறுபாட்டை நெட்பிஎஸ்டி தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டது. அமிகா, பழைய மேக்கின்டாஷ், சன்-3 ஆகிய மூன்றிலும் இருப்பது மோட்டோரோலா 68000 குடும்பப் புராசசர்தான்; ஆனால் கணினிகள் வேறு வேறு. எனவே கணினிக்கு ஒரு பெயர், புராசசருக்கு ஒரு பெயர் எனத் தனித்தனி மாறிகள். கெர்னல் முதலாவதைச் சார்ந்தது, பயனர் நிரல்கள் இரண்டாவதைச் சார்ந்தவை. 2002இல் வெளியான 1.6 பதிப்புடன் வந்த பில்ட்.எஸ்ஹெச் ஸ்கிரிப்ட், எந்த யுனிக்ஸ் வகைக் கணினியிலிருந்தும் முழு அமைப்பையும் கிராஸ் கம்பைல் செய்ய வழி தந்தது. மினிக்ஸ் 3 பிற்காலத்தில் ஆம்ஸ்டர்டாம் கிட்டைக் கைவிட்டு கிளாங்குக்கும் நெட்பிஎஸ்டியின் கட்டுமுறைக்கும் மாறியது இந்த ஒழுங்கின் பலத்துக்குச் சான்று.

டெபியனின் பாதை இன்னொன்று. அங்கே பேக்கேஜ்களுக்கான கட்டமைப்புப் பெயர் புராசசரை மட்டும் குறிப்பதில்லை. உடன்பாட்டையும் சேர்த்துக் குறிக்கிறது. 32 பிட் ஆர்முக்கு ஆர்ம், ஆர்மெல், ஆர்ம்எச்எஃப் என்று மூன்று பெயர்கள் வந்தது இதனால்தான். தசம எண்களை எந்த ரெஜிஸ்டரில் அனுப்புவது என்பதில் வேறுபட்டால் இரண்டு லைப்ரரிகளும் சேர்ந்து இயங்கா. ஆகவே பெயரும் பிரிந்தே ஆக வேண்டும். இது நேர்மையான நிலைப்பாடு. ஆனால் ஒவ்வொரு புதிய பெயரும் முழுக் களஞ்சியத்தையும் மறுபடி கட்டும் வேலையைக் கொண்டுவருகிறது. சிறு இயங்குதளத்துக்குக் கட்டுபடியாகாத விலை அது.

ஓர் எழுத்துப் பெயர்கள்

பெல் ஆய்வகத்தின் பிளான் 9 இதற்கு நேரெதிர். கென் தாம்ப்சன் எழுதிய அதன் கம்பைலர்களில் ஒவ்வொரு கட்டமைப்புக்கும் ஒரே எழுத்து அல்லது எண்: 386க்கு 8, ஏஎம்டி64க்கு 6, ஆர்முக்கு 5, ஸ்பார்க்குக்கு கே, மிப்ஸுக்கு வி. கம்பைலர் 8சி, அசெம்ப்ளர் 8ஏ, லிங்கர் 8எல்; உருவாகும் ஆப்ஜெக்ட் கோப்பின் வால்பெயரும் 8. நிறுவனப் பகுதியும் இல்லை, இயங்குதளப் பகுதியும் இல்லை. இருப்பது ஒரே இயங்குதளம்தானே! இதனால் கிடைத்த நன்மை பெரியது. அங்கே எல்லாக் கம்பைலரும் கிராஸ் கம்பைலர்தான். சொந்தப் புராசசருக்கான கம்பைலர் என்ற தனிச்சலுகை எதற்கும் கிடையாது. ஒரே கோப்பகத்தில் நான்கு கட்டமைப்புகளுக்கான ஆப்ஜெக்ட் கோப்புகள் ஒன்றையொன்று அழிக்காமல் இருக்கலாம்.

எழுத்துகள் தீர்ந்துபோவது இதன் குறை. ஒரு காலத்தில் ஆல்ஃபா புராசசரைக் குறித்த 7 பிறகு 64 பிட் ஆர்முக்குப் போனது. வெளியாட்களுக்கு அந்த எண்கள் எதையும் சொல்வதில்லை. கோ மொழி இந்த மரபில் பிறந்ததால் அதன் கம்பைலர்கள் சில காலம் 6ஜி, 8ஜி என்றே அழைக்கப்பட்டன. 2015 ஆகஸ்டில் வந்த 1.5 பதிப்பு அவற்றை நீக்கி, இயங்குதளம் ஒரு மாறி, கட்டமைப்பு ஒரு மாறி என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டது. கம்பைலரே சியிலிருந்து கோ மொழிக்கு மாறியதும் அதே பதிப்பில்தான்.

இரண்டே பகுதிகள் போதும் என்று கோ துணிந்ததற்குக் காரணம், பெரும்பாலான தளங்களில் அது சி லைப்ரரியை ஒதுக்கிவிட்டுக் கெர்னலை நேரடியாக அழைத்தது. சி லைப்ரரி இல்லையென்றால் அதன் வகையைப் பெயரில் சொல்லத் தேவையில்லை. இந்தத் துணிவு எல்லா இடத்திலும் செல்லவில்லை. மேக் இயங்குதளத்தில் 1.12 பதிப்பிலும், ஓப்பன்பிஎஸ்டியின் முக்கியக் கட்டமைப்புகளில் 1.16 பதிப்பிலும் கோ அந்தந்தத் தளத்தின் சிஸ்டம் லைப்ரரி வழியாகவே போக வேண்டியதாயிற்று. தன் உடன்பாட்டை எந்த மட்டத்தில் வைப்பது என்பதை இயங்குதளம்தான் முடிவு செய்கிறது. கம்பைலருக்கு அதில் ஓரளவுக்கு மேல் பேச்சில்லை.

கம்பைலரையே பெயரில் வைத்த ஹைக்கு

பெயரிடல் சிக்கலின் ஆழத்தை முழுமையாகக் காட்டும் தளம் ஹைக்குதான் எனலாம். பீ நிறுவனத்தின் பீஓஎஸ் 2001இல் பாம் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தபோது அதன் ரசிகர்கள் அதைத் திறந்த மூலமாக மறுபடி எழுதத் தொடங்கினார்கள். பழைய பீஓஎஸ் நிரல்கள் மாற்றமின்றி ஓட வேண்டும் என்பது இலக்கு. பீஓஎஸ்ஸின் நிரல் இடைமுகம் முழுவதும் சி++. அங்கேதான் முடிச்சு விழுந்தது.

சி மொழியில் ஒரு ஃபங்ஷனின் பெயர் ஆப்ஜெக்ட் கோப்பிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். சி++இல் கிளாஸ், வாதங்களின் வகை எல்லாவற்றையும் குழைத்துக் கம்பைலர் ஒரு புதுக் குறியீட்டை உருவாக்குகிறது. ஜிசிசி 2.95 ஃபங்ஷனின் பெயரை முதலில் எழுதி, இரண்டு அடிக்கோடுகள் இட்டு, பிறகு கிளாஸின் பெயரை எழுதும். 2001இல் வந்த ஜிசிசி 3.0 வேறு உடன்பாட்டுக்கு மாறியது: அடிக்கோடும் இசட் எழுத்தும் முதலில், அடுத்து கிளாஸ், பிறகு ஃபங்ஷன். குறியீடு மட்டுமா? விர்ச்சுவல் ஃபங்ஷன் அட்டவணையின் அமைப்பும் எக்ஸப்ஷன் கையாளும் முறையும் மாறிவிட்டன. இந்தப் புதிய உடன்பாட்டின் பெயர் ஐட்டேனியம் சி++ ஏபிஐ. ஐட்டேனியம் புராசசரின் ஏற்றுமதி 2021இல் நின்றுவிட்டது. அந்தப் பெயர் தாங்கிய உடன்பாடு லினக்ஸிலும் பிஎஸ்டிகளிலும் மேக்கிலும் செழித்து வாழ்கிறது.

ஆக, பீஓஎஸ் நிரல்கள் ஓட வேண்டுமானால் ஜிசிசி 2.95ஐக் கைவிட முடியாது. புதிய மென்பொருள் வேண்டுமானால் அதோடு காலம் தள்ள முடியாது. ஹைக்குவின் 32 பிட் பதிப்பு இரண்டையும் வைத்துக்கொண்டது. முதன்மைக் கட்டமைப்பின் பெயர் எக்ஸ்86_ஜிசிசி2, துணைக் கட்டமைப்பின் பெயர் எக்ஸ்86. புராசசர் ஒன்றே, பிரிப்பது கம்பைலரின் தலைமுறை. சிஸ்டம் லைப்ரரிகள் இரண்டு தொகுதிகளாக இருக்கின்றன. புதிய கம்பைலரால் கட்டிய பேக்கேஜ்கள் எக்ஸ்86 என்ற வாலோடு வருகின்றன. செட்ஆர்ச் கட்டளையைக் கொடுத்தால் டெர்மினல் ஒரு தொகுதியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். இத்தனைக்கும் மேலே, 32 பிட் ஹைக்குவில் யூநேம் கட்டளை இயந்திரத்தின் பெயரை பீபிசி என்று சொல்லும், கான்ஃபிக்.கெஸ் அதை ஐ586-பிசி-ஹைக்கு என்று மாற்றிக்கொள்ளும்.

அழகற்ற ஏற்பாடு என்று குறை சொல்பவர்கள் உண்டு. குறை உண்மைதான்: ஹைக்குவின் மையப் பகுதி நிரல்கள் பழைய கம்பைலருக்கும் புரியும் சி++இல் எழுதப்பட வேண்டியிருக்கிறது. ஆனால் பெயர் பொய் சொல்லவில்லை. ஒன்று சேராத இரண்டு பொருள்களுக்கு இரண்டு பெயர்கள். 2012இல் தொடங்கிய 64 பிட் போர்ட்டில் பீஓஎஸ் மரபு தேவையில்லை என்று முடிவானதும் இந்த இரட்டை வாழ்க்கையும் இல்லாமல் போயிற்று. 2021இல் ரிஸ்க்-ஃபைவ் போர்ட் வந்தபோது பழைய கம்பைலரின் பேச்சே எழவில்லை.

போர்ட் செய்யும் பாதைகள்

வழமையான பாதை தெரிந்ததே. வேறொரு கணினியில் கிராஸ் கம்பைலர் கட்டுவது. சி லைப்ரரி இல்லாமல் முதல் சுற்று, அதைக் கொண்டு சி லைப்ரரி, பிறகு முழுக் கம்பைலர். கம்பைலரைக் கட்டும் கணினி, அது ஓடப்போகும் கணினி, அது நிரல் தரப்போகும் கணினி மூன்றும் வேறாக இருந்தால் அதற்கு கனடியன் கிராஸ் என்று பெயர். அந்தப் பேச்சு எழுந்த காலத்தில் கனடாவில் மூன்று தேசியக் கட்சிகள் இருந்தனவாம்.

ஓப்பன்விஎம்எஸ் சென்ற பாதை கவனிக்கத்தக்கது. வாக்ஸ், ஆல்ஃபா, ஐட்டேனியம் எனக் கட்டமைப்பு மாறிவந்த அந்தத் தளத்தை விஎம்எஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் எக்ஸ்86-64க்குக் கொண்டுவந்தது. 2019இல் முதன்முறை பூட் ஆனது, 9.2 பதிப்பு 2022 ஜூலையில் வெளியானது. ஆல்ஃபா, ஐட்டேனியம் காலத்துக் கம்பைலர்களின் முன்முனைகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவை உமிழும் ஜெம் என்ற நடுமொழியை எல்எல்விஎம் நடுமொழிக்கு மாற்றும் பாலத்தைக் கட்டினார்கள். வாக்ஸின் மேக்ரோ-32 அசெம்ப்ளி மொழிகூட ஆல்ஃபா காலம் முதலே கம்பைல் செய்யப்படும் ஒரு மொழியாகத்தான் நடத்தப்படுகிறது. அன்கோல் கனவு ஒரு நிறுவனத்தின் மதில்களுக்குள் பலித்த இடம் இது என்று சொல்லத் தோன்றுகிறது. பணம் கொடுக்கும் வாடிக்கையாளர்கள் இருந்ததால் பலித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தன்னார்வலர்களின் தளங்களுக்கு அந்த வசதி இல்லை. மாற்றங்களை ஜிசிசி, எல்எல்விஎம் மூலக் களஞ்சியத்திலேயே சேர்ப்பதா, பேட்ச் கோப்புகளாகத் தன்னிடமே வைத்துக்கொள்வதா என்பது அவர்களின் நிரந்தரக் கேள்வி. பேட்ச் வைத்தால் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் மறுபடி பொருத்த வேண்டும். களஞ்சியத்தில் சேர்த்தால் பராமரிக்க ஆள் காட்ட வேண்டும். ரஸ்ட் திட்டம் மூன்றாம் அடுக்கு இலக்குகளுக்கும் பெயர் சொல்லக்கூடிய பராமரிப்பாளரைக் கேட்கிறது. உள்ளே இருப்பதும் பாதுகாப்பில்லை. ஜிசிசி தன் பழைய உள்ளமைப்பு ஒன்றை நீக்க முடிவு செய்தபோது 68000 பின்முனையே வெளியேறும் நிலை வந்தது. 2019இல் ஆர்வலர்கள் பணம் திரட்டி அதை மாற்றி எழுதச் செய்ததால் தப்பியது.

இன்னும் முடியாதவை

ஒரே பெயருக்குள் அடித்தளம், அதாவது புராசசரிடம் எதிர்பார்க்கும் குறைந்தபட்சக் கட்டளைத் தொகுதி, நகர்வது இப்போதைய பெரிய சிக்கல். ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் 10ஆம் பதிப்பு எக்ஸ்86-64இன் மூன்றாம் நிலையைக் கேட்கிறது. பெயர் எக்ஸ்86_64 என்றே இருக்கிறது. ஆல்மாலினக்ஸ் இரண்டாம் நிலைக்குத் தனிக் கட்டமைப்புப் பெயர் வைத்து வேறு வழியில் போகிறது. 32 பிட் தளங்களில் 2038ஆம் ஆண்டுச் சிக்கலுக்காக நேர எண்ணை 64 பிட் ஆக்கியபோதும், பெயரை மாற்றுவதா வேண்டாமா என்ற இதே கேள்வி எழுந்தது. ஓப்பன்பிஎஸ்டி 2014இல் ஒரே அடியாக மாற்றிவிட்டது. தளம் முழுவதும் ஒரே கையில் இருந்ததால் முடிந்தது. டெபியன் 2024இல் ஆர்ம்எச்எஃப்பின் டிரிப்ளெட்டை மாற்றாமல் லைப்ரரி பேக்கேஜ்களின் பெயர்களில் மட்டும் வால் சேர்த்தது. எது சரி என்பதற்கு உறுதியான பதில் தெரியவில்லை. தளம் சிறியதாகவும் மூல நிரல் கைவசமும் இருந்தால் ஓப்பன்பிஎஸ்டி வழி மலிவு. மூடிய நிரல்கள் ஓட வேண்டுமென்றால் ஹைக்கு வழியைத் தவிர்ப்பது கடினம் என்ற அளவில் சொல்லலாம்.

ரிஸ்க்-ஃபைவ் இந்தச் சிக்கலைக் கூர்மையாக்கியிருக்கிறது. கட்டளைத் தொகுதியே துண்டுகளாக வடிவமைக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு சில்லும் சற்றே வேறு. சென்னை ஐஐடியின் சக்தி புராசசர்களுக்கு நிரல் எழுதுபவர்கள் பயன்படுத்தும் கம்பைலரின் பெயரும் ரிஸ்க்வி64-அன்னோன்-எல்ஃப் என்ற பொதுப் பெயர்தான். எந்தெந்தத் துண்டுகள் உண்டு என்பதைத் தனியாக ஆப்ஷனில் சொல்ல வேண்டும். ரஸ்ட் மொழியோ அந்தத் துண்டுகளில் சிலவற்றைப் பெயருக்குள்ளேயே கொண்டுவந்து ரிஸ்க்வி64ஜிசி என்று எழுதுகிறது. டெபியன் 13இல் ரிஸ்க்வி64 என்றால் அந்த ஜிசி அடித்தளம், உபுண்டு 25.10இல் அதே ரிஸ்க்வி64 என்றால் ஆர்விஏ23 என்ற உயர்ந்த அடித்தளம். பேக்கேஜ் பெயரை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே. டெபியன் ஓடும் இன்றைய ரிஸ்க்-ஃபைவ் பலகைகளில் பெரும்பாலானவற்றில் உபுண்டு 25.10 ஓடாது.